ஐந்தாவது கம்பளி

தொண்டு சங்கத்தில் ஸ்டோர் கீப்பராகச் சேர்ந்து எனக்கு ஒரு மாதம்கூட ஆகவில்லை. அறுபதுகளின் நடுவில் ஒரு மார்கழி. தங்கச் சுரங்க ஊரான ராபர்ட்சன்பேட்டையில், சங்கத்து ஸ்டோரில் காலையில் பிஸ்கட் டின்களை அடுக்கிக்கொண்டிருந்தேன். தரை ஒரு உலுக்கு உலுக்கியது. அடுக்கியதெல்லாம் என் காலில் விழுந்தது.

வெளியூர்க்காரர்கள் அதைப் பூகம்பம் என்றார்கள். நாங்கள் ஏர் பிளாஸ்ட் என்போம். தங்கம் வெட்டி எடுத்த ஆழத்தில் பாறை அழுத்தம் தாங்காமல் வெடிக்கும், மேலே ஊர் ஆடும். சின்னதாக வந்தால் இங்கே யாரும் காபி டம்ளரைக்கூடக் கீழே வைக்க மாட்டார்கள். அன்று வந்தது அப்படி இல்லை. தொழிலாளர் லைன் வீடுகளில் சுவர்கள் சாய்ந்தன, ஓடுகள் சரிந்தன. கீழே ஷிப்டில் இருந்தவர்களில் சிலர் மாட்டிக்கொண்டார்கள்.

மைதானத்தில் யாரும் இல்லை

மறுநாள் எங்கள் செகரட்டரி பெங்களூரிலிருந்து லாரியோடு வந்தார். கம்பளி, கூடாரம், அரிசி, பால் பவுடர். வெள்ளம் வந்த ஊர்களிலெல்லாம் வேலை பார்த்தவர். மைதானத்தில் மேஜை போட்டு, வரிசைக்குக் கயிறு கட்டினார். இரண்டு மணி நேரம் உட்கார்ந்திருந்தோம். ஒரு ஆள் வரவில்லை.

"வீடு இடிஞ்சவங்க எல்லாம் எங்கப்பா போனாங்க?" என்றார்.

எனக்கு அப்போதுதான் உறைத்தது. எல்லோரும் சுரங்கத்துக்குள் இறங்குகிற ஷாப்ட் கேட்டில் இருந்தார்கள். பிளாஸ்ட் ஆனால் இந்த ஊர்ப் பெண்கள் வீட்டைப் பார்க்க மாட்டார்கள். ஆட்களை ஏற்றி இறக்கும் இரும்புக் கூண்டான கேஜில் தன் ஆள் ஏறி வரும்வரை கேட்டை விட்டு நகர மாட்டார்கள். அங்கேயே பிள்ளைகளோடு உட்கார்ந்துவிடுவார்கள், கேஜ் மேலே வருகிற மணி அடித்தால் மொத்தமாக எழுந்திருப்பார்கள். அந்த ஊரிலேயே பிறந்த எனக்கு இது தெரியாதா? தெரியும். ஆனாலும் மைதானத்தைச் சொன்னவன் நான்தான். லாரி திருப்ப வசதியாக இருக்குமே என்று நினைத்தேன். ஸ்டோர் கீப்பர் புத்தி.

தலைக்கு ஒன்று

லாரியை ஷாப்ட் கேட்டுக்குக் கொண்டுபோனோம். நேரில் வந்திருக்கிற தலைக்கு ஒரு கம்பளி என்பது சங்கத்தின் விதி. நான் நோட்டைத் திறந்து எழுதிக்கொண்டே போனேன்.

காந்தம்மா வந்தாள். பின்பக்கச் சுவர் விழுந்த வீடு. மூன்று பிள்ளைகள், கடைசிக் குழந்தை இடுப்பில் இருமிக்கொண்டிருந்தது. புருஷன் தேசிங்கு டிம்பர்மேன். கீழே பாறை விழாமல் மரம் முட்டுக்கொடுக்கிறவன். மேலே வராதவர்களில் அவனும் ஒருவன். நான் எதிரே நின்ற தலைகளை எண்ணினேன். நாலு என்று எழுதி, நாலு கம்பளியை நீட்டினேன்.

"அஞ்சு பேரு சார்" என்றாள்.

"நாலு பேர்தானேம்மா நிக்கிறீங்க?"

"அவரு உள்ள கீறாரு."

"அவர் வந்ததும் அவரையே வந்து வாங்கிக்கச் சொல்லும்மா."

அவள் நாலு கம்பளியையும் மேஜைமேல் வைத்தாள். "நாலுன்னு எழுதிட்டீங்களே, இன்னா அர்த்தம் சார் அதுக்கு? ஆளு மேல வர்றதுக்கு முன்னாடியே நீங்க முடிவு பண்ணிட்டீங்களா? எனுக்கு உங்க கம்பளி வேணாம்."

போய் கேட்டருகே உட்கார்ந்துகொண்டாள். அவள் பின்னால் நின்ற பெண்களில் ஆட்கள் உள்ளே மாட்டியிருந்தவர்கள் எல்லோரும் வரிசையை விட்டு விலகினார்கள். மார்கழிக் குளிர். அந்தக் குழந்தையின் இருமல் மேஜைவரை கேட்டது. எனக்குக் கை ஓடவில்லை.

செகரட்டரியிடம் போனேன். "ஆள் இல்லாம கொடுத்தா ஆளாளுக்குப் பத்துத் தலை சொல்லுவாங்க. பாதி லைனுக்கு இன்னும் போய்ச் சேரலை" என்றார். அவர் சொன்னதிலும் தப்பில்லை, சரக்கு அவ்வளவுதான் இருந்தது.

"சார், ஆள் இருக்கான்னு நினைச்சுத்தான் கீழே தேடிக்கிட்டிருக்காங்க. நாம மட்டும் இல்லேன்னு எழுதலாமா?" என்றேன். ஒரு மாத வேலைக்காரன் செகரட்டரியிடம் பேசுகிற பேச்சா அது? வேலை போச்சு என்றுதான் நினைத்தேன். அவர் கேட் பக்கமே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு நோட்டை வாங்கி, நாலை அடித்து, ஐந்து என்று தன் கையால் எழுதி, தேசிங்கின் பெயரையும் சேர்த்தார்.

நோட்டையும் ஐந்து கம்பளியையும் தூக்கிக்கொண்டு அவளிடம் போனேன். அவளுக்குப் படிக்க வராது. பெரிய பெண்ணைக் கூப்பிட்டுப் படிக்கச் சொன்னாள்.

"அஞ்சுன்னு போட்டுக்கீதும்மா. அப்பா பேரும் கீது" என்றது பெண்.

அதற்குப் பிறகுதான் வாங்கினாள். பிள்ளைகளுக்குப் போர்த்தினாள், தானும் ஒன்றைப் போர்த்திக்கொண்டாள். ஐந்தாவதைப் பிரிக்கவே இல்லை. மடித்தபடி மடியில் வைத்துக்கொண்டு கேஜைப் பார்த்திருந்தாள். மற்ற பெண்களும் ஒவ்வொருவராக மேஜைக்குத் திரும்பி வந்தார்கள்.

நோட்டில் ஒரு திருத்தம்

இரண்டு நாள் கழித்துத் தேசிங்கை மேலே கொண்டுவந்தார்கள். உயிர் இல்லை.

காரியமெல்லாம் முடிந்து ஒருநாள் காந்தம்மா ஸ்டோருக்கு வந்தாள். கையில் அந்தக் கம்பளி, கொடுத்த மடிப்புக் கலையாமல்.

"இது அவரோடது. இப்போ நாலு பேருதான் சார். நோட்டுல மாத்திக்கோங்க" என்றாள்.

"சின்னதுக்கு வச்சுக்கோம்மா" என்றேன்.

"அதுக்கு ஒண்ணு கீது. இன்னும் கம்பளி வராத வூடு கீதில்ல, அங்க குடுங்க."

அவள் முன்னாலேயே நோட்டில் ஐந்தை அடித்து நாலு என்று எழுதினேன். முதலில் நானாக எழுதிய அதே நாலுதான், இந்தத் தடவை அவள் சொல்லி.

அதன்பின் வெள்ளம், தீ என்று எத்தனையோ ஊர்களில் நிவாரண லிஸ்ட் எழுதியிருக்கிறேன். செகரட்டரி பயந்தபடி கூட்டிச் சொன்னவர்களும் உண்டு, இல்லை என்று சொல்ல மாட்டேன். ஆனாலும் புதிதாக வேலைக்கு வருகிறவர்களுக்கு நான் சொல்வது இதுதான்: நிற்கிற தலையை எண்ணாதீர்கள். வீட்டில் எத்தனை பேர் என்று கேட்டு, அவர்கள் சொல்வதை எழுதுங்கள். குறைக்க வேண்டிய நாள் வந்தால், அவர்களே வந்து சொல்வார்கள்.