குரோட்டன்ஸ் இலைக்குள் இரட்டைத்தலச்சி

சமையலறை ஜன்னல் திண்டில் ஒரு மட்ட அரிசிப் பை கிடக்கும். அதன் நடுவில் முஷ்டியால் குத்திப் பள்ளம் செய்து, நீளமான லென்ஸை அந்தப் பள்ளத்தில் படுக்க வைத்து, ஜன்னல் கம்பிகளுக்கு இடையே அதன் வாயைப் புறவாசல் பக்கம் நீட்டியிருப்பார் அண்ணன். உலை கொதிக்கும்போது அவர் மனைவி வந்து லென்ஸைத் தூக்கித் தனியே வைப்பார். பையிலிருந்து வேண்டிய அரிசியை அள்ளிக்கொள்வார். பிறகு லென்ஸைப் பழைய இடத்தில் வைத்துவிட்டுப் போவார். "இந்த மனுசனுக்க கேமராவுக்குத் தலையணையா கிடந்திட்டுதான் நமக்க வயித்துக்கு வருது இந்த அரிசி" என்று என்னிடம் சொல்வார். அண்ணன் திரும்பிப் பார்க்கமாட்டார். அவருடைய ஒரு கண் மூடியிருக்கும்.

அண்ணன் என்று நான் சொல்வது உடன்பிறந்தவரை அல்ல. நாங்கள் இருவரும் ஒரே தமிழ் நாளிதழில் வேலை பார்த்தோம். அவர் புகைப்படக்காரர். அவருடைய படங்களுக்குக் கீழே இரண்டு வரி எழுதுவது செய்தி மேசையில் இருந்த என்னுடைய வேலை. அவரை அண்ணன் என்று கூப்பிட்டதால் அவர் மனைவி எனக்கு மைனி ஆனார். ஓய்வு பெற்ற பிறகு அவர் பாறசாலையில் ரப்பர் தோட்டங்களுக்கு நடுவில் இருக்கும் தன் வீட்டுக்குப் போனார். நான் பனச்சமூட்டுக்குத் திரும்பினேன். பஸ் ஏறினால் போய்விடக்கூடிய தூரம்தான். அடிக்கடி போவேன்.

நெடுஞ்சாலை விபத்துகள், பூவாறு கரையில் ஒதுங்கிய உடல்கள், இடிந்து விழுந்த கட்டடங்கள் என்று அவர் எடுத்த படங்களில் பெரும்பாலானவை முதல் பக்கத்துக்கு உரியவை. வாசகர்கள் அவற்றைப் பார்த்தவுடன் பக்கத்தைத் திருப்பினார்கள். அவருடைய அம்மாகூடக் காலையில் பத்திரிகை வந்ததும் முதல் பக்கத்தை உள்புறமாக மடித்துவிட்டுத்தான் படிக்க உட்காருவாராம். அவர் வேலை செய்யும் விதத்தை நான் பக்கத்தில் நின்று பார்த்திருக்கிறேன். கேமராவை எடுப்பதற்கு முன் இடது கையை நீட்டுவார். "சைடு குடு மக்கா, சைடு குடு" என்பார். மைக் ஸ்டாண்ட் நகரும், பிளாஸ்டிக் நாற்காலி நகரும், அமைச்சரின் பாதுகாவலர்கூட நகர்ந்துவிடுவார். ஒரு கல்யாணத்தில் மாப்பிள்ளையின் தாய்மாமனையே மேடையை விட்டு இறக்கிவிட்டதாக அலுவலகத்தில் ஒரு கதை உண்டு. "படத்துல வேண்டாதது ஒண்ணும் நிக்கப்பிடாது" என்பதுதான் அவருடைய தொழில் நெறி. மேசையில் வெட்டவேண்டிய அவசியமே இல்லாமல் வரும் படங்கள் அவருடையவை மட்டும்தான்.

அந்த நெறியோடுதான் அவர் பறவைகளிடமும் வந்தார். புறவாசலில் ஒரு பலா, ஒரு கொய்யா, கிணறு, துணி அலக்கும் கல், அதன் பின்னால் வேலிபோல வளர்ந்த குரோட்டன்ஸ் செடிகள் இருந்தன. பலாவில் குக்குறுவான் வரும். கிணற்றுச் சுவரில் மீன்கொத்தி உட்காரும். செம்போத்து, தாசில்தார் அலுவலகத்தைச் சோதனையிட வந்தவரைப்போல மெதுவாக நடந்து போகும். எல்லாவற்றையும் எடுத்தார். ஊர் வாசகசாலையின் ஆண்டுவிழாவுக்கு ஒரு சுவர் முழுக்க அவருடைய பறவைப் படங்களை மாட்டுவதாகச் செயலாளர் சொல்லியிருந்தார். "எனக்க படத்துக்கு முன்னால ஆளுக நின்னு பாக்கணும். ஒருக்காவது மொகத்தத் திருப்பாம நிக்கணும்" என்று அண்ணன் என்னிடம் சொன்னார். அவர் இப்படித் தனக்கென்று ஒன்றைக் கேட்டு நான் அதற்கு முன் கேட்டதில்லை.

சுவரின் நடுவில் மாட்டவேண்டிய படத்தை அவர் முடிவு செய்துவிட்டார். அலக்குகல்லுக்குப் பின்னால் குரோட்டன்ஸ் செடிக்குள், இடுப்பு உயரத்தில், செம்மீசைச் சின்னான் ஒன்று கூடு கட்டியிருந்தது. கன்னத்தில் சிவப்புப் பொட்டும் தலையில் கூரான கொண்டையும் உள்ள பறவை. எங்கள் ஊரில் மலையாளத்தில் சொல்வதுபோல இரட்டைத்தலச்சி என்பார்கள். கூட்டில் மூன்று குஞ்சுகள் பொரித்திருந்தன. தாயும் தகப்பனும் எதிரெதிரே நின்று தீனி கொடுக்க, நடுவில் மூன்று வாய்களும் திறந்திருக்கவேண்டும். அதுதான் அவர் நினைத்த படம். ஜன்னலிலிருந்து பார்த்தால் கூடு நேர் எதிரேதான் இருந்தது. ஆனால் மஞ்சளும் சிவப்பும் கலந்த அகல இலைகள் அதை மூடிக்கொண்டு நின்றன.

படங்களைத் தேர்ந்தெடுக்க என்னையும் வரச்சொல்லியிருந்தார். நான் போய்ச் சேர்ந்தபோது இருவரும் புறவாசலில் நின்றார்கள். அண்ணன் கையில் செடி வெட்டும் கத்தரி. மைனி ஒரு கிளையை வளைத்துப் பிடித்திருந்தார். "விழாவுக்கு ஆளுக வீட்டுக்கும் வரும். காடுமாதிரி கிடக்குது, எப்பிடியும் வெட்டணும்னுதான் நானும் நெனச்சேன்" என்றார். மூன்று நான்கு கிளைகள்தான் விழுந்தன. அண்ணன் ஜன்னலுக்கு ஓடிப்போய்ப் பார்த்துவிட்டு வந்து இன்னும் ஒன்றை வெட்டினார். பிறகு நாங்கள் மூவரும் உள்ளே போனோம். பறவைகள் கொஞ்ச நேரம் பலாவில் நின்று கத்திவிட்டுத் திரும்பி வந்தன. கேமராவின் சிறிய திரையில் கூடும் திறந்த மூன்று வாய்களும் தெளிவாகத் தெரிந்தன. காலை வெயில் பக்கவாட்டில் விழுந்து, ஒவ்வொரு நாரும் தனித்தனியாக இருந்தது. மைனி எட்டிப் பார்த்து, "தள்ளே, என்னா அழகு!" என்றார்.

வெயில் ஏறியது. தகப்பன் வந்து போனது. தாய் போகவில்லை. கூட்டின் விளிம்பில் நின்று இரண்டு சிறகையும் லேசாக விரித்துக்கொண்டது. அண்ணன் விடாமல் எடுத்தார். "பாத்தியா, போஸ் குடுக்குது" என்றார். எடுத்ததில் ஒன்றைப் பெரிதாக்கிப் பார்த்தபோதுதான் அவர் விரல் நின்றது. பறவையின் அலகு திறந்திருந்தது. வாயில் தீனி இல்லை. அது மூச்சு வாங்கிக்கொண்டிருந்தது. அதன் சிறகுக்குக் கீழே குஞ்சுகளின் தலைகள் கூட்டின் விளிம்பில் சரிந்து கிடந்தன. அதுவரை இலைகள் செய்த வேலையை அந்தப் பறவை தன் உடம்பால் செய்துகொண்டிருந்தது. அது மூன்று பேருக்கும் ஒரே நேரத்தில்தான் புரிந்தது என்று நினைக்கிறேன்.

அப்போது துணி காயப்போடும் கொடியில் ஒரு காகம் வந்து உட்கார்ந்தது. அது தலையைச் சாய்த்துக் கூட்டைப் பார்த்தது, சட்டென்று கூட்டின்மேல் பாய்ந்தது. ஜன்னலில் கம்பி இருந்தது. வெளியே போகவேண்டுமானால் சமையலறையை ஒட்டிய வர்க் ஏரியா வழியாக இறங்கிக் கிணற்றைச் சுற்றி ஓடவேண்டும். அண்ணன் சாரத்தை மடித்துக் கட்டக்கூட நேரமில்லாமல் ஓடினார். "ஹோய், ஹோய்" என்று கத்தும் குரல் கிணற்றுப் பக்கம் கேட்டபோது காகம் ஒரு குஞ்சோடு ரப்பர் தோட்டத்துக்குப் போய்விட்டிருந்தது. அவர் எழுந்து ஓடுவதற்கு முன் அந்த ஒரு கணத்தில் அவருடைய விரல் பழக்கத்தில் அழுத்தியிருந்தது. காகம் அலகில் குஞ்சோடு எழும்பும் படம் கேமராவில் இருந்தது. கூர்மையான படம். படத்தில் வேண்டாதது ஒன்றும் இல்லை.

மீதி இரண்டையும் காப்பாற்ற அவர் பட்ட பாட்டை நான் கிட்ட இருந்து பார்த்தேன். முதலில் வெட்டிய கிளைகளைப் பொறுக்கி வாழைநாரால் செடியோடு சேர்த்துக் கட்டினார். சிறிது நேரத்திலேயே இலைகள் தொங்கிவிட்டன. அடுத்து மைனியின் கறுப்புக் குடையை விரித்து ஒரு கம்பில் கட்டிக் கூட்டுக்கு மேலே நிறுத்தினார். நிழல் விழுந்தது. ஆனால் பறவைகள் வரவில்லை. குடை காற்றில் படபடத்தது. தாய் புழுவோடு கொய்யாக் கிளையில் நின்று கத்தியது. கிட்ட வந்தது, திரும்பிப் போனது. கூட்டுக்குள்ளிருந்து வந்த குஞ்சுகளின் சத்தம் குறைந்துகொண்டே வந்தது. "கொடைய எடுங்க, பட்டினி போட்டுக் கொல்லுவீங்க" என்றார் மைனி. "எடுத்தா வெயிலு கொல்லும்" என்றார் அண்ணன். இருவர் குரலும் உயர்ந்தன. கடைசியில் மைனியே கம்பைப் பிடுங்கினார். குடையை மடித்துவிட்டு, விறகுப்புரையின் மேலே கிடந்த முடைந்த ஓலை ஒன்றை எடுத்து வந்தார். அதைக் கூட்டிலிருந்து தள்ளி, வெயில் வரும் பக்கமாகச் சாய்த்து நிறுத்தினார்கள். நாங்கள் கிணற்றுக்குப் பின்னால் குந்தியிருந்தோம். தாய் அலக்குகல்லுக்கு வந்தது. ஓலையைப் பார்த்தது. கூட்டுக்குள் தலையை விட்டது. அண்ணன் மூச்சு விடும் சத்தம் எனக்குக் கேட்டது.

வெயில் பிரச்சினை தீர்ந்தது, காகம் தீரவில்லை. ஒருமுறை தீனி கண்ட இடத்துக்கு அது மறுபடியும் வரும். அதனால் அண்ணன் கிணற்றடியில் ஒரு நாற்காலி போட்டு உட்கார்ந்தார். விடிந்தால் உட்காருவார், இருட்டினால் எழுந்திருப்பார். பக்கத்தில் ஒரு நீளக் கம்பு. கேமரா உள்ளே அலமாரியில் இருந்தது. மைனி துணியைத் தூக்கிக்கொண்டு பக்கத்து வீட்டு அலக்குகல்லுக்குப் போனார். அந்த வீட்டுக்காரர் வேலிக்கு மேலே தலையை நீட்டி, "எலே, காவலு வெச்சிருக்குற குருவி இந்தப் பஞ்சாயத்துல இது ஒண்ணுதான் உண்டு. சம்பளம் யாரு தருவா, தள்ளக்குருவியா, தகப்பன்குருவியா?" என்று கேட்டார். அண்ணன் கம்பை அவர் பக்கம் ஆட்டினார்.

ஞாயிற்றுக்கிழமை ஆராதனைக்கும் போகவில்லை. ஆராதனை முடிந்ததும் போதகரே வந்துவிட்டார். அவர் வாய் திறப்பதற்கு முன், "பாஸ்டர், கொஞ்சம் அந்தாண்ட தள்ளி நில்லுங்க. அது தீனியோட நிக்குது, உங்க வெள்ள உடுப்பக் கண்டு பேடிக்குது" என்றார் அண்ணன். போதகர் பலாவுக்குப் பின்னால் போய் நின்றார். தாய் வந்து தீனி கொடுத்துவிட்டுப் போனது. போதகர் அங்கிருந்தபடியே, "ரெண்டுமே வாய் திறக்குதே" என்று மெல்லச் சொன்னார். கேட்க வந்ததைக் கேட்கவில்லை. மைனி கொடுத்த கட்டன்சாயாவையும் மரத்துக்குப் பின்னால் நின்றே குடித்தார்.

குஞ்சுகளுக்குச் சிறகு முளைத்தது. ஒரு காலை அண்ணன் முகம் கழுவப் போனபோது ஒன்று போய்விட்டது. மற்றது கூட்டு விளிம்பில் ஏறி நின்று வெகுநேரம் யோசித்தது. பிறகு அலக்குகல்லில் விழுந்து, கொடிக்குத் தாவி, அங்கிருந்து கொய்யாவின் இலைக்குள் போனது. வாலே இல்லாத ஒரு சின்ன உருண்டை. அவர் நினைத்திருந்த எந்தப் படத்தையும்விட நல்ல வெளிச்சம் அப்போது இருந்தது. அவர் நாற்காலியில் கையைக் கட்டிக்கொண்டு இருந்தார். "எடுத்திருக்கலாமே" என்று நான் கேட்டேன். "எடுக்கப் போனா காக்கைய ஆரு பாப்பா?" என்றார்.

வாசகசாலைச் செயலாளருக்குப் பக்கத்து வீட்டுக்காரர் மூலம் செய்தி போயிருந்தது. அவர் வந்து, "அண்ணா, காக்க குஞ்செடுக்குற படம் ஒண்ணு உண்டாமே. அதாக்கும் நடுவுல போடவேண்டியது. ஆளுக பேசும்" என்றார். சொன்னதில் தவறில்லை. மேசையில் இருந்திருந்தால் நானும் அதைத்தான் தேர்ந்தெடுத்திருப்பேன். "எனக்க படத்தப் பத்தி ஆளுக பேசினதெல்லாம் போதும் தம்பி" என்றார் அண்ணன். அந்தப் படத்தை அவர் அதற்குப் பிறகு யாருக்கும் காட்டவில்லை. வைத்திருந்தாரா, அழித்துவிட்டாரா என்று நான் கேட்கவில்லை. மூன்று வாய்களும் திறந்திருந்த அந்தக் காலைப் படங்களையும் அவர் கொடுக்கவில்லை. அவை எப்படிக் கிடைத்தன என்று அவருக்குத் தெரியும்.

நடுவில் மாட்டுவதற்கு அவர் கொடுத்தது, கிளைகளை வெட்டுவதற்கு முன் எடுத்த ஒரு படம். சட்டம் முழுக்கக் குரோட்டன்ஸ் இலைகள். மஞ்சள், சிவப்பு, கரும்பச்சை. அவ்வளவுதான் என்று தோன்றும். நானே முதலில் படம் மாறிவிட்டதென்று நினைத்தேன். கொஞ்சம் நின்றால் இரண்டு இலைகளின் இடைவெளியில் ஒரு சிவப்புப் பொட்டு தெரியும். அதற்கு மேலே ஒரு கண். கீழே என்ன எழுதட்டும் என்று கேட்டேன். "ஒண்ணும் எழுதாத" என்றார். என் படக்குறிப்பு இல்லாமல் அவருடைய படம் ஒன்று வெளியானது அதுதான் முதல் முறை.

விழா நாளில் மற்றப் படங்களைக் கடந்து வந்தவர்கள் அதன் முன்னால் நின்றார்கள். "குருவி எங்க?" என்று கேட்டார்கள். அண்ணன் பக்கத்தில்தான் நின்றார், கையை நீட்டவில்லை. "நில்லுங்க, தெரியும்" என்று மட்டும் சொன்னார். அவர்கள் தலையைச் சாய்த்தார்கள், கிட்டப் போனார்கள், தள்ளிப் போனார்கள். பிறகு ஒவ்வொருவராகச் சிரித்தார்கள். மைனி நாலு தடவை வந்து பார்த்துவிட்டுப் போனார்.

அண்ணன் இறந்து கொஞ்ச காலம் ஆகிறது. மற்றப் படங்களை வீட்டுக்குக் கொடுத்துவிட்டார்கள். அந்த ஒன்று மட்டும் வாசகசாலையில் பத்திரிகை மேசைக்கு எதிரே இருக்கிறது. போன வாரம் நான் அங்கே இருந்தபோது, பஸ்ஸுக்கு நேரம் இருந்ததால் ஏறி வந்த ஒருவர் அதைப் பார்த்துவிட்டு என்னிடம், "இதுல ஒண்ணுமில்லியே, வெறும் எலதானே? இத எதுக்கு மாட்டியிருக்கு?" என்று கேட்டார். நான் அவருக்கு ஒரு நாற்காலியை நகர்த்திக் கொடுத்தேன். அவர் பத்திரிகையைப் புரட்டினார். பஸ் வரும் சத்தம் கேட்டு எழுந்தார். வாசலில் ஒரு காலைச் செருப்புக்குள் நுழைத்தபடி இன்னொருமுறை திரும்பிப் பார்த்தவர், அப்படியே நின்றுவிட்டார்.

"உண்டு, உண்டு" என்றார். "நம்மளத்தான் பாக்குது."