ரோசம்மா அக்கா திருத்திய ஒரு சொல்

டுரியான் மரம் இரண்டு தடவை காய்த்த வருடம் இது. பீடோங் சந்தைக்குப் புதுக்கூரை போட்டதும், என் வலது கண்ணில் புரை எடுத்ததும் இதே வருடம்தான். வருடத்தின் எண் எனக்கு நிற்காது, இவை நிற்கும். புரை எடுத்த ஒன்பதாம் நாள் காலையில் ரோசம்மா அக்காவின் மகள் ஸ்டெல்லா வாசலில் வந்து நின்றாள். சொந்தக்காரர்களுக்கு ஃபோனில் அனுப்பிய செய்தியை எனக்கும் படித்துக் காட்டினாள். “மை மதர் ஹேஸ் பாஸ்ட் அவே.”

அந்த ‘ஹேஸ்’ காதில் விழுந்ததும், அழ வேண்டியவன் சிரித்துவிட்டேன். அவளும் சிரித்தாள், அழுதுகொண்டே. “அம்மா இருந்தா மொதல்ல அதைத்தான் பார்ப்பாங்க, மாமா. ஹேஸ் போட்டியான்னு கேப்பாங்க.”

அக்காவை அறிந்தவர்களுக்கு இது புரியும். மற்றவர்களுக்குச் சொல்கிறேன். கன்னியாஸ்திரீகள் மடத்துச் சமையலறையில் வளர்ந்தவர் அவர். அங்கே கேட்டுக் கேட்டு வந்ததுதான் அவருடைய ஆங்கிலம். கல்யாணமாகி, செமிலிங் பக்கத்தில் எங்கள் தோட்டத்துக்கு வந்தார். நாங்கள் ரப்பர் பால் எடுக்கப் பால்மரம் வெட்டப் போகும்போது ஆயாக்கொட்டகையில் எங்கள் பிள்ளைகளைப் பார்த்துக்கொண்டார். தப்பான ஆங்கிலம் காதில் பட்டால், சோற்றில் கல்லைக் கடித்தது போல முகம் போகும்.

ஒருநாள் மேனேஜர் ஜீப்பில் வந்து என் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டார். நானோ நிரையின் கடைசி மரத்தில். நாம் நகராமலே ‘இதோ வந்துட்டேன்’ என்போமே, அதை அப்படியே ஆங்கிலமாக்கி, “கேம் சார்! கேம் சார்!” என்று கத்தினேன். மனிதர் ஜீப்பைச் சுற்றிப் பார்த்தார். குனிந்து ஜீப்புக்கு அடியிலும் பார்த்தார்!

பாதையில் போய்க்கொண்டிருந்த அக்கா இடுப்பைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். “டேய் வீரா, வந்து நின்னாத்தான்டா கேம்! வர்ற வழியில கமிங்!”

“அப்ப நாம வந்துட்டேன்னு சொல்றது பொய்யாக்கா?”

“பொய்யில்ல தம்பி. நமக்கு வார்த்தை முன்னாடி ஓடும், ஆள் பின்னாடி வருவான். இங்கிலீஷ்காரனுக்கு ரெண்டும் ஒண்ணா வந்து சேரணும்.”

எனக்கு அப்போதே இரண்டு பிள்ளைகள். அன்றிலிருந்து தோட்டம் முழுக்க என் பெயர் ‘கேம் சார்’.

தோட்டம் கைமாறியபோதுதான் இது விளையாட்டில்லை என்று தெரிந்தது. விற்கும் நாளில் வேலையில் இருப்பவர்களுக்கு வீடு. ஏற்கெனவே நின்றுவிட்டவர்களுக்கு இல்லை. அதுதான் ஏற்பாடு. எங்கள் லயத்து வீடுகளில் என்னோடு சேர்த்து ஆறு பேருக்கு எழுத்து தெரியாது. எங்களுக்காகத் தோட்டத்து ஆபீஸ் குமாஸ்தாவான கிராணி, வீடு கேட்டு ஆங்கிலத்தில் ஆறு கடிதங்கள் டைப் அடித்து, மைப்பெட்டியைத் திறந்து வைத்திருந்தார். நான்தான் முதல் ஆள். கட்டைவிரலில் மை ஏறிவிட்டது.

“கையை எடு தம்பி!”

இடுப்பில் யார் பிள்ளையையோ வைத்துக்கொண்டு அக்கா நின்றார். கடிதத்தை எடுத்துப் படித்தார்.

“என்னாங்க கிராணி, வொர்க்ட்னு போட்டிருக்கீங்க?”

“முப்பத்தொரு வருசம்னு இருக்குல்ல, பத்தாதா?”

“வொர்க்ட்னா வேலை முடிஞ்சு போச்சு. இவன் சட்டையில பாலே இன்னும் காயல, பாருங்க. ஹேஸ் பீன் வொர்க்கிங்னு அடிங்க.”

“ஐயோ அக்கா, ரெண்டும் ஒண்ணுதான்லா!”

“ஒண்ணுதான்னா மாத்தி அடிக்க என்ன கஷ்டம்?”

வரிசையே கைதட்டியது! கிராணி முனகிக்கொண்டே புதுத்தாளைச் சொருகினார். ஆறு கடிதமும் மறுபடி. மை காய்ந்துவிடாமல் விரலைத் தூக்கிப் பிடித்தபடி நான் கேட்டேன், அப்படி என்ன வித்தியாசம் என்று.

“செஞ்சேன்னு சொன்னா கதவைச் சாத்தியாச்சு. செஞ்சிக்கிட்டு இருக்கேன்னு சொல்றோம் பாரு, அந்த ‘இருக்கேன்’தான் இங்கிலீஷ்காரனுக்கு ஹேவ் பீன். ஆள் இன்னும் உள்ளதான் இருக்கான்.”

வீடு ஒதுக்கும் சுங்கை பட்டாணி அலுவலகத்தில் மலாய்க்கார அதிகாரி அந்த வரியின் அடியில் விரலை ஓட்டினார். ‘ஹேஸ் பீன்’ வந்ததும் விரல் நின்றது. “மசி கெர்ஜா?” என்றார். இன்னும் வேலையில்தான் இருக்கிறாயா என்று. பால் கறை ஏறிய என் கையை நீட்டினேன். சரி என்று ஒரு கோடு போட்டார். ஆறு பேருக்கும் சாவி கிடைத்தது.

இன்றும் எந்தத் தாளிலும் கைநாட்டு வைக்குமுன் கேட்கிறேன்: “இதுல ஆள் இருக்கானா, போயிட்டானா?” புரை எடுக்கும் முன்பும் கேட்டேன். நர்ஸ் சிரித்தார், ஆனாலும் நிறுத்திப் படித்துக் காட்டினார். அக்காவிடமிருந்து நான் வைத்துக்கொண்டது இந்தக் கேள்விதான்.

நான் சொல்லச் சொல்ல இதை ஸ்டெல்லாதான் எழுதுகிறாள். அந்த ஆறு பேரில் ஐந்து பேர் போய்விட்டார்கள். அவர்களுக்கு ‘வொர்க்ட்’ என்று போடலாம். அக்காவே மறுக்க மாட்டார். ஆறாவது ஆள், ஆறுமுகம் மகன் வீராசாமி. அதே வீட்டில் இருக்கிறேன். எங்கே ஸ்டெல்லா, படித்துக் காட்டு, ‘இருக்கிறேன்’ என்றுதானே எழுதினாய்?