கையெழுத்துக்கு முன் இரண்டு இட்லி

புதுச்சேரியில் மகள் படிக்கும் கல்லூரிக்கு எதிரே, இட்லிக் கடை பெஞ்சில் உட்கார்ந்திருக்கிறேன். ஆறு மாதம் பிரான்சில் படிக்க அவளுக்கு இடம் கிடைத்திருக்கிறது. நான் கையெழுத்துப் போட வேண்டிய சம்மதத் தாள் சட்டைப்பையில் இருக்கிறது. வேண்டாம் என்று சொல்லத்தான் ஊரிலிருந்து பஸ் ஏறினேன்.

பக்கத்தில் ஒரு வெள்ளைக்காரப் பெண் இட்லியைச் சாம்பாரில் பிசைந்து சாப்பிடுகிறாள்.

"தனியாவா வந்துருக்கு?" என்று கடைக்கார அம்மாவிடம் மெதுவாகக் கேட்கிறேன்.

"ஆமாண்ணே, பிரான்சுலேருந்து படிக்க வந்துருக்கு. போன வாரம் ஜுரம். ரூமுக்கே கஞ்சி கொண்டுபோய்க் குடுத்தேன். உப்பு பத்தலன்னுச்சு, வாயப் பாருங்க."

அந்தப் பெண் சிரிக்கிறாள்.

"இதோட அப்பா எப்படி உட்டாரு?"

"அதுகிட்டயே கேளுங்க, தமிழ் பேசும்."

எனக்குக் கூச்சம். தட்டைப் பார்த்துக் குனிகிறேன். அந்த அம்மாவே கேட்டுவிடுகிறார்.

"அப்பா ஏர்போர்ட் வரல," என்கிறாள் அவள், யோசித்து யோசித்து. "வந்தா, என்னை விட மாட்டேன் சொன்னார்."

கை கழுவிவிட்டு வந்து கடைக்கார அம்மாவிடம் பேனா கேட்கிறேன்.

"எதுக்குண்ணே?"

"எம் பொண்ணு இவங்க ஊருக்குப் படிக்கப் போவுது."