கானுக்குள்ள போன கொட்டாஞ்சேனை மண்

வெட்டின தலைமயிரை அவிக்கேக்க வாற மணம் தெரியுமோ? சண்டைக் காலத்தில கொழும்பு பொரளையில நான் வேலை செய்த லாப் முழுக்க அந்த மணம்தான்...

மண்ணில இருக்கிற சில பூஞ்சைகள் மனிசரின்ர தோலிலயும் தொத்தும். அதுகளைப் பிடிக்க, ஈரமண்ணில அவிச்ச மயிரைத் தூவி வைப்பம். கொஞ்ச நாளில மயிரைத் திண்டு பூஞ்சை வெள்ளையாப் படரும். மயிர் தாறது கொட்டாஞ்சேனைச் சலூன்காரர். ஏன் எண்டு ஒருநாளும் கேட்டதில்லை, நல்ல மனிசன்.

கொட்டாஞ்சேனையிலதான் ரீட்டா அக்காவும். கோழி வளர்க்கிறவ. கையில பெரிய படர்தாமரை. அதில இருந்து எடுத்த பூஞ்சையை மைக்ரோஸ்கோப்பில பாத்தா, புத்தகத்தில இருக்கிறது மாதிரியே இல்ல.

"மேடம், இது வேற இனம்" எண்டன்.

"அவவின்ர முற்றத்து மண்ணிலயும் இதே வரட்டும், புது இனமெண்டு எழுதுவம்" எண்டா லாப்புக்குப் பொறுப்பான மேடம்.

சந்தோசமா மண் அள்ளி, சலூனில மயிரும் வாங்கிக்கொண்டு பஸ் ஏறினன். செக்பொயின்ற். ஐடென்ரிரியில தமிழ்ப் பேரைப் பாத்தவுடன என்னை மட்டும் இறக்கினாங்கள். ஹான்ட்பாக்கைத் திறந்தா ஒரு பையில மண், மற்றதில மயிர். ஆமிக்காரன் பின்னால பாய்ஞ்சான்.

"ஹூனியமக்த?"

சூனியமாம்! குண்டெண்டு பயந்திருந்தாக்கூட விளங்கும்... லாப்புக்கு எண்டு சிங்களத்தில கெஞ்சக் கெஞ்ச, துவக்கு முனையால தள்ளி, ரெண்டு பையையும் ரோட்டோரத்து ஊத்தைத்தண்ணிக் கானுக்குள்ள விழுத்தினான். இப்ப நினைச்சாலும் பத்திக்கொண்டு வருது.

திரும்ப எடுப்பம் எண்டு போனா, ரீட்டா அக்கான்ர முற்றம் பள்ளமாக் கிடக்கு. மண்ணை முழுக்க வெட்டி, சந்தியில ஆமிச் சென்றிக்குக் காவல் மண்மூட்டை அடுக்கிப்போட்டாங்கள்.

"ஒரு வார்த்தை கேக்கேல்லையடி" எண்டு அழுதா.

நான் போய், மூட்டையை அவிழ்த்து ஒரு கரண்டி மண் தாங்கோ எண்டு கேக்கிறதோ? மண் இல்லாமல் மேடமும் பூஞ்சைக்குப் புத்தகத்தில இருந்த பழைய பேரையே போடச் சொன்னா. போட்டன்.

போன மாசம் வாசிக்கிறன்... மரபணு பாத்து அந்தப் பூஞ்சைக் கூட்டத்தையே பிரிச்சு, புதுப்பேர் வச்சிருக்கினம். ஒண்டெண்டு நினைச்சது ஒண்டில்லையாம். அதைத்தானே நான் அப்பவே சொன்னனான்!

இப்ப அந்தச் சந்தியில மூட்டையும் இல்ல, சென்றியும் இல்ல. ஜூஸ் கடை ஒண்டு. நல்ல விசயம்தான். ஆனா கோவம் போகுதில்லை.

ஒரு பூஞ்சையைப் பிழையாச் சேத்துப்போட்டம் எண்டு உலகமே கூடித் திருத்துது. பேரைப் பாத்து என்னை பஸ்ஸால இறக்கினது பிழை எண்டு, இண்டைக்கு வரைக்கும் ஒருத்தரும் சொல்லேல்ல.