மஞ்சள் மூடிப் போத்தல்

தண்ணீரைச் சோதிப்பது என் வேலை. ஹவுன்ஸ்லோவில், விமானங்கள் தலைக்கு மேலே தாழப் பறக்கும் ஒரு தொழிற்பேட்டையில் எங்கள் ஆய்வுகூடம் இருக்கிறது. குழாய்த் தண்ணீர், ஆற்றுத் தண்ணீர், பாடசாலைத் தொட்டித் தண்ணீர் எல்லாம் சிறு போத்தல்களில் வரும். ஈயமும் செம்பும் அவற்றில் எவ்வளவு இருக்கின்றன என்று பார்த்துச் சொல்லுவேன். பத்தொன்பது வருடமாகச் சொல்லி வருகிறேன். பிழை விடாத ஆள் என்று எனக்கு அங்கே ஒரு பெயர் உண்டு. அந்தப் பெயர் எனக்குப் பிடிக்கும் என்பதையும் ஒளிக்காமல் சொல்லிவிடுகிறேன்.

இயந்திரம் சூடாக நேரம் எடுக்கும் என்பதால் காலை ஆறு மணிக்கே போய்விடுவேன். அந்த நேரத்தில் கட்டடத்தில் இன்னும் ஒருத்திதான் இருப்பாள். தரை துடைத்து, குப்பைப் பைகளை மாற்றுகிற பெண். பெரு நாட்டுக்காரி, நாற்பது வயதிருக்கும். எங்கள் இருவருக்குமே ஆங்கிலம் இரவல், அதனால் ஒருவர் பிழையை மற்றவர் பார்ப்பதில்லை. என்னை "டாக்டர்" என்பாள். வெள்ளை கோட் போட்ட எல்லாரும் அவளுக்கு டாக்டர்தான். முதல் இரண்டு தரம் திருத்தினேன், பிறகு விட்டுவிட்டேன். கேட்க நன்றாகத்தான் இருந்தது.

மலை உச்சியில் ஒரு சுரங்க நகரம் அவளுடையது. ஊருக்குக் கீழே பெரிய ஏரி. ஒருநாள் ஃபோனில் படம் காட்டினாள். கரையில் பச்சை நிறப் பலகை, இது பாதுகாக்கப்பட்ட இடம், பறவைகளைத் தொந்தரவு செய்யாதீர்கள் என்று. பலகைக்குப் பின்னால் நாணல் வேர்கள் முழுக்கத் துரு நிறம். பறக்கத் தெரியாத ஒரு முக்குளிப்பான் பறவை அந்த ஏரியில் மட்டும்தான் உண்டாம், அதுவும் குறைந்துகொண்டே போகிறதாம்.

"பறவையை எண்ணுவதற்கு ஆட்கள் வருகிறார்கள், டாக்டர். பிள்ளைகளை எண்ண ஒருவரும் வருவதில்லை" என்றாள்.

அவளுக்குப் பிள்ளைகள் இல்லை. அவள் சொன்னது தங்கையின் மகளை. நாலு வயது. அடிக்கடி வயிற்றுவலி, வெளிறிய முகம், பேச்சும் பிந்தித்தான் வந்தது. மருந்தகத்தில் ஈயம் இருக்கிறதா என்று பார்க்க இரண்டு தரம் விரலில் இரத்தம் எடுத்தார்கள், முடிவு வரவேயில்லை. தங்கை குழாய்த் தண்ணீரை நம்பாமல் மலைக்கு அந்தப் பக்கம் உள்ள ஊற்றுக்குப் போய் இரண்டு கலன்களில் சுமந்து வருகிறாள். முழங்கால் தேய்ந்துவிட்டது. எத்தனை நாளைக்குச் சுமப்பது, குழாய்த் தண்ணீரைப் பிள்ளைக்குக் கொடுக்கலாமா, கூடாதா? அவ்வளவுதான் அவள் என்னிடம் கேட்டது.

அந்தக் கேள்வியை எனக்குத் தெரியும். எங்கள் ஊர்ப் பக்கம் மின்நிலையத்துக் கழிவெண்ணெய் நிலத்தில் இறங்கிக் கிணறுகளில் மிதந்த காலத்தில் என் மாமி ஃபோனில் கேட்டா: "பிள்ளை, குடிக்கலாமோ, குடிக்கேலாதோ? ஒருத்தரும் ஒண்டும் சொல்லுகினம் இல்லை." நேராக ஒரு பதில் சொல்ல ஆளில்லையா என்று நான் இங்கிருந்து பல்லைக் கடித்தேன். இப்போது நேராகப் பதில் சொல்லக்கூடிய ஆள் நானேதான். கொண்டு வரச் சொன்னேன்.

லண்டனுக்கு வந்த அவளுடைய உறவுக்காரர் ஒருவரின் பெட்டியில், கம்பளிச் சட்டை ஒன்றுக்குள் சுற்றி அந்தப் போத்தல் வந்தது. மஞ்சள் மூடி போட்ட சோடாப் போத்தல். தங்கை தண்ணீர் பிடித்து ஒரு மாதத்துக்கு மேல் ஆகியிருந்தது. படிவம் இல்லாத எதையும் இயந்திரத்தில் வைக்கக்கூடாது என்பது எங்கள் சட்டம். ஆகவே மதியச் சாப்பாட்டு நேரத்தில், மற்றவர்கள் வெளியே போனபிறகு, போத்தலில் இருந்து கொஞ்சம் ஊற்றி அன்றைய மாதிரிகளுக்கு நடுவே செருகினேன். களவு வேலையில் கை அவசரப்படும். எண் வந்தது. ஈயம் பாதுகாப்பு எல்லைக்கு மிகவும் கீழே.

எனக்கு எவ்வளவு சந்தோஷமாக இருந்தது என்பதை மறைக்க மாட்டேன். அடுத்த நாள் காலை மொப் வைக்கும் அலமாரிக்கு முன்னால் வைத்துச் சொன்னேன். "குடிக்கலாம். நல்ல தண்ணீர்." அவள் ஈரக் கையோடு என்னைக் கட்டிப்பிடித்து அழுதாள். மறுவாரம் உருளைக்கிழங்கும் மிளகாயும் போட்ட ஒரு கறி சமைத்துக் கொண்டுவந்தாள். எங்கள் வீட்டில் எல்லாரும் விரும்பிச் சாப்பிட்டோம். தங்கை ஊற்றுக்குப் போவதை நிறுத்திவிட்டாள். லண்டனில் ஒரு டாக்டர் பார்த்துவிட்டார் என்ற செய்தி பக்கத்து வீடுகளுக்கும் போனது. அங்கேயும் பயந்துகொண்டிருந்தவர்கள் குடிக்கத் தொடங்கினார்கள். இதை அவள் பெருமையாகச் சொன்னாள். நானும் பெருமையாகக் கேட்டுக்கொண்டிருந்தேன்.

ஐந்து மாதம் கழித்து வருடாந்தத் தணிக்கை வந்தது. தணிக்கை செய்ய வந்தவர் கையில் ஒரு தாளோடு என் மேசைக்கு எதிரே உட்கார்ந்து கேள்வி கேட்டார். அமிலம் சேர்க்காத போத்தலில் மாதிரி வந்தால் என்ன செய்வீர்கள்?

மனப்பாடம் போலச் சொன்னேன். அமிலம் இல்லாமல் நாள்கணக்கில் நின்றால் தண்ணீரில் உள்ள ஈயம் போத்தலின் சுவரில் ஒட்டிக்கொள்ளும். தண்ணீரை மட்டும் எடுத்துப் பார்த்தால் குறைவாகக் காட்டும். ஆகவே அதே போத்தலுக்குள் அமிலம் விட்டு, குறைந்தது ஒருநாள் வைத்திருந்து, சுவரில் ஒட்டியது கரைந்து இறங்கிய பிறகுதான் பார்க்க வேண்டும்.

"மிக நன்று" என்று சொல்லி அவர் தாளில் ஒரு சரி போட்டார். மஞ்சள் மூடிப் போத்தலுக்கு நான் அமிலம் விட்டிருக்கவில்லை. அவருடைய அடுத்த கேள்விக்குப் பதில் சொன்னேன். என்ன கேட்டார், என்ன சொன்னேன் என்று இன்றுவரை நினைவில்லை.

மிச்சத் தண்ணீரோடு போத்தல் என் லொக்கரில், மாற்றுச் சப்பாத்துக்குப் பின்னால் அப்படியே இருந்தது. அமிலம் விட்டேன். ஒருநாள் வைத்திருந்தேன். அந்த ஒருநாளும் நான் சாப்பிடவில்லை. மறுநாள் வந்த எண் எல்லையைப் பல மடங்கு தாண்டியிருந்தது. எங்கேயாவது பிசகியிருக்கும் என்று மூன்று தரம் பார்த்தேன். மூன்று தரமும் அதுவேதான்.

வீட்டில் சொன்னபோது கணவர் டிவியை நிறுத்தினார்.

"படிவம் இல்லாமல் ஏன் நீர் அதைத் தொட்டனீர்?"

"பாவம் எண்டுதான்."

ரிமோட்டைக் கீழே வைத்தார். "சொல்லி என்ன செய்யப் போறீர்? அதுகளுக்கு வேற தண்ணி இருக்கோ?"

"ஊற்று இருக்கு. நான்தானே அதை விடச் சொன்னனான். நாளைக்குச் சொல்லத்தான் போறன்."

மறுநாள் காலை அதே அலமாரிக்கு முன்னால் நின்று சொன்னேன். போத்தல், சுவர், அமிலம் எல்லாம் விளக்கினேன். அவளுக்கு அதெல்லாம் வேண்டியிருக்கவில்லை. விரல்களை மடித்து மாதங்களை எண்ணினாள். பிறகு மொப்பைச் சுவரில் சாய்த்துவிட்டுத் தங்கையை ஃபோனில் எடுத்தாள். அங்கே இன்னும் விடியவில்லை. இரண்டு பேரும் ஸ்பானிய மொழியில் வெகுநேரம் கதைத்தார்கள். நான் பக்கத்தில் நின்றேன்.

"கொதிக்க வைத்தால் போதுமா என்று கேட்கிறாள்" என்றாள்.

"இல்லை. கொதிக்க வைத்தால் தண்ணீர்தான் குறையும், ஈயம் குறையாது. இன்னும் கூடும். பழையபடி ஊற்றுத் தண்ணீரை எடுக்கச் சொல்."

அவள் கேட்டுவிட்டுத் திரும்பிச் சொன்னாள். இரண்டு மாதத்துக்கு முன்னால் ஊற்றைச் சுற்றி வேலி போட்டுவிட்டார்களாம். ஏரிக்குப் போகிற தண்ணீராம், பாதுகாக்க வேண்டுமாம். தொடர்ந்து எடுத்துக்கொண்டிருந்தவர்களுக்கு மட்டும் அனுமதிச் சீட்டுக் கொடுத்தார்களாம். தங்கைதான் அப்போது போவதை நிறுத்தியிருந்தாளே.

பக்கத்து வீட்டுக்காரர்கள் தங்கையை நம்பவில்லை. முதலில் நல்லது என்றாய், இப்போது நஞ்சு என்கிறாய், எங்கே லண்டன் கடதாசி, காட்டு என்றார்கள். என்னால் கடதாசி கொடுக்க முடியாது. படிவம் இல்லாத மாதிரி எங்கள் பதிவில் இல்லாத மாதிரி. மேலாளரிடம் போய் நடந்ததைச் சொல்லிக் கேட்டேன். எழுத்தில் ஒரு எச்சரிக்கை கிடைத்தது, கடதாசி கிடைக்கவில்லை. நல்லது என்று சொன்னபோது ஒருவரும் கடதாசி கேட்டிருக்கவில்லை.

சட்டப்படி மாதிரி எடுப்பதற்கு அமிலம் விட்ட போத்தல் ஒன்று அனுப்பலாம் என்று பார்த்தேன். அமிலத்தை விமானத்தில் ஏற்ற விடமாட்டார்கள். அந்த நாட்டில் இதற்காக இருக்கிற அலுவலகத்துக்கு எழுதினேன். உங்கள் கடிதம் கிடைத்தது என்று ஒரு பதில் வந்தது. இரண்டாம் கடிதத்துக்கும் அதே வரிதான்.

அவள் இப்போதும் ஆறு மணிக்கு வருகிறாள். காலை வணக்கம் சொல்லுவாள். "டாக்டர்" என்று கூப்பிடுவதில்லை, எந்தப் பெயராலும் கூப்பிடுவதில்லை. கோபமா என்று கேட்கும் துணிச்சல் எனக்கு இல்லை. அவள் திட்டியிருந்தால் எனக்குக் கொஞ்சம் ஆறியிருக்கும்.

போன மாதம் ஒருநாள் என் மேசைக்குக் கீழே உள்ள குப்பைப் பையை அவிழ்த்தபடியே பேசினாள். தங்கையின் மகள், சீட்டு உள்ளவர்களிடம் காசுக்கு வாங்கும் ஊற்றுத் தண்ணீரைத்தான் இப்போது குடிக்கிறாளாம், பள்ளிக்கூடமும் போகத் தொடங்கிவிட்டாளாம். ஆசிரியை கூப்பிட்டு அனுப்பினாராம். பிள்ளை சொல்வதைக் கவனிக்கிறாள் இல்லை, எழுத்து மனதில் நிற்கிறதில்லை என்று சொன்னாராம்.

"ஒன்று கேட்க வேண்டும்" என்றாள். "இது அந்த ஐந்து மாதத்தால் வந்ததா, முன்னாலேயே இருந்ததா?"

நாக்கு நுனியில் "முன்னால்" என்ற சொல் வந்து நின்றது. உண்மையாகவும் இருக்கலாம். ஊற்றுக்குப் போகத் தொடங்குமுன் எத்தனை நாள் அந்தப் பிள்ளை குழாயில் குடித்ததோ, தோட்டத்து மண்ணிலேயே எவ்வளவு இருந்ததோ. ஆனால் ஒருமுறை அவளுக்குப் பிடித்த பதிலைச் சொல்லிக் கெடுத்தவள் நான்.

"தெரியாது" என்றேன். "இனி அதை யாராலும் பிரித்துச் சொல்ல முடியாது."

அவள் பையின் வாயை முடிச்சுப் போட்டாள். இறுக்கமாக, இரண்டு முடிச்சு.

"முன்னால் என்று சொல்லியிருக்கலாம் நீங்கள்" என்று சொல்லிவிட்டு, புதுப் பையை விரித்து வைத்து, அடுத்த மேசைக்குப் போனாள்.