டயரில் நான் உட்கார்ந்த காலை

காலை ஆறேகாலுக்கு அது நடந்தது. முல்லையாற்று மணலில் அக்கா கயிறு கட்டி இழுத்த லாரி டயரின் மேல் நான் உட்கார்ந்திருந்தேன். 'பட்' என்று ஒரு சத்தம். கயிறு அறுந்துவிட்டது என்று நினைத்தேன். கயிறு அவள் இடுப்பில் அப்படியே இருந்தது. அக்காதான் தொடையின் பின்புறத்தைப் பிடித்தபடி குப்புறக் கிடந்தாள்.

மறுநாள் தேனியில் நூறு மீட்டர் ஓட்டம். ஜெயித்தால் விளையாட்டு விடுதியில் இடம். தோற்றால் பத்தாவதோடு கல்யாணம் என்று அப்பா சொல்லியிருந்தார்.

அவளைத் தயார் செய்தது எங்கள் தாய்மாமா. சின்னமனூர்ப் பக்கம் மாட்டுவண்டிப் பந்தயத்தில் அவருடைய காளைகளுக்குப் பெயர் உண்டு. காளையைப் பழக்கிய விதத்திலேயே அக்காவையும் பழக்கினார். பருத்திக்கொட்டை மட்டும்தான் கொடுக்கவில்லை.

"உழவு மாட்டுச் சதை வேற, பந்தய மாட்டுச் சதை வேற ஆத்தா. அது நாள் பூரா மெல்ல இழுக்கும். இது வெடிச்சு ஓடிட்டுச் சட்டுன்னு களைச்சுரும். ஒனக்கு வெடிக்கிற சதை. கனத்த இழுத்தாத்தேன் அதுக்கு வலு ஏறும்" என்பார்.

"கொம்புக்குப் பெயிண்டு எப்ப அடிக்கப் போறீக?" என்று ஊர் சிரித்தது. மூன்றே மாதத்தில் பள்ளிக்கூடத்துப் பையன்களையெல்லாம் அக்கா முந்தினாள். சிரிப்பு நின்றது.

டயருக்குப் பாரம் நான். ஒன்பது வயதில் அதைவிடப் பெரிய சவாரி எனக்கு வாய்த்ததில்லை. ஓட்டத்துக்கு நான்கு நாள் முன்னால் மாமா எங்களிடம், "ஓடி முடிக்கிற வரைக்கும் டயரத் தொடக் கூடாது" என்று சொல்லிவிட்டார். மூன்று நாள் பொறுத்தேன். நான்காம் நாள் விடியலில் அக்காவை எழுப்பினேன்.

"சும்மாவே கெடக்க. நாளைக்குக் கால் கட்டிக்கிரப் போகுது பாரு."

அவள் பயந்துவிட்டாள். பயந்துதான் வந்தாள்.

இன்று என் மகள் ஓடுகிறாள். எடை தூக்கினால் வேகம் கூடும், ஓய்வில்தான் சதை அந்த வலுவைப் பிடித்துக்கொள்ளும் என்கிறார் அவளுடைய பயிற்சியாளர். இரும்புக் கம்பியை அவள் தோளில் வைக்கும்போது நான் வெளியே போய்விடுகிறேன். பந்தயம் நெருங்கினால் இரவில் மூன்று முறை கேட்கிறேன், நாளைக்கு ஓய்வுதானே என்று. அக்கா அந்தப் பந்தயத்தில் ஓடவே இல்லை; தை மாதம் அவளுக்குக் கல்யாணம் ஆனது.

அன்று என் அலறல் கேட்டு ஆற்றில் காளை குளிப்பாட்டிக்கொண்டிருந்த மாமா ஓடி வந்தார். பார்த்தார், திரும்பி ஓடினார். அவசரத்தில் அவருக்குத் தெரிந்த ஒரே வைத்தியரைக் கூட்டி வந்தார்: மாட்டு டாக்டர். அவர் மணலில் மண்டியிட்டு அக்காவின் தொடையைத் தொட்டுப் பார்த்தார்.

"சதை கிழிஞ்சிருக்கு. பெரியாஸ்பத்திரிக்குத் தூக்குங்க. ஏப்பா, பந்தயத்துக்கு முந்தி மாட்டுக்கு நாலு நாள் ஓய்வு குடுக்குற ஆளு நீ. இந்தப் புள்ளைக்கு அத ஏன் குடுக்கல?"

மாமா டயரைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார்.

"மறந்துட்டேன் சார். தப்பு என்னோடதுதேன்" என்றார்.

டயரைத் தொடக் கூடாது என்று எங்களிடம் சொன்னதையே மாமா மறந்துவிட்டார் என்று பல வருடம் நான் நம்பினேன்.