பிறந்த வீட்டுக் கோடி

கட்டிவிட்ட கதை என்று நினைப்பவர்கள் நினைத்துக்கொள்ளட்டும். மாரண்டஹள்ளிக்குக் கிழக்கே, பிலவேந்திரனின் களத்தில், 1971 டிசம்பரில், விளக்கு வைக்கும் நேரத்தில் இது நடந்தது. சொன்னவர் பிலவேந்திரனேதான். தன்னை நல்லவனாகக் காட்டிக்கொள்ளப் பொய் சொல்கிறவர் இந்தக் கதையைச் சொல்லியிருக்கவே மாட்டார்.

அவருக்கு ஒரே தங்கை, இசபெல்லா. இண்டூரில் ஞானராஜுக்குக் கட்டிக்கொடுத்திருந்தார்கள். அண்ணன் என்றால் அவளுக்கு உயிர். அண்ணனுக்கோ மூக்குக்கு மேல் கோபம். அவர் மகள் கல்யாணத்தில் தாலி கட்டி முடிந்த பிறகுதான் இசபெல்லா வந்து சேர்ந்தாள். வழியில் பஸ் பழுதாகி நின்றுவிட்டது. அதை அவள் வாய் திறந்து சொல்வதற்குள், கோயில் வாசலில் ஊரே பார்க்க, "இனி எம் வாசப்படி மிதிக்காத" என்று சொல்லிவிட்டார். அவளுக்கென்று ஆசையாக எடுத்து வைத்திருந்த ஊதாச் சேலை டிரங்குப் பெட்டிக்குள் போனது.

அப்புறம் எட்டு வருஷம். ஒவ்வொரு கிறிஸ்துமஸுக்கும் அவள் யார் கையிலாவது பலகாரம் கொடுத்தனுப்புவாள். இவர் தூக்கைத் திறக்காமலே திருப்பி அனுப்புவார். அப்படியொரு வீறாப்பு. அதனால் யாருக்கு என்ன லாபம்?

அன்று காலை இண்டூரிலிருந்து மாது என்பவர் வந்தார். வாசலுக்குள் வரவில்லை. தெருவிலேயே நின்றார். பிலவேந்திரனின் மனைவி மிக்கேலம்மாள் மோர் கொண்டுபோய் நீட்டினாள்.

"வேணாங்க." சொம்பைத் தொடக்கூட இல்லை. "இசபெல்லாம்மா வூட்டுலருந்து..."

"அந்த வூட்டுப் பேச்சே இங்க வேணாம்!" களத்துக்குக் கிளம்பிக்கொண்டிருந்த பிலவேந்திரன் கத்தினார். "இன்னொரு வார்த்த பேசுன, மரியாத கெட்டுடும். போய்யா!"

"அண்ணே, ஒரு சேதி..."

பிலவேந்திரன் கையில் இருந்த தடியை ஓங்கிக்கொண்டு வந்தார். மாது அவரை ஒரு பார்வை பார்த்துவிட்டுப் போய்விட்டார். பின்னால் ஓடிப் போய்க் கேட்கலாம் என்று மிக்கேலம்மாள் நகர்ந்தாள். கணவன் முறைத்த முறைப்பில் நின்றுவிட்டாள்.

சாயங்காலம் ஆறு மணி. கோயில் மணி அடித்தது. களத்தில் காயவைத்திருந்த கேழ்வரகை, அந்தப் பக்கத்தில் கேவுரு என்பார்கள், பிலவேந்திரன் தனியாகக் கூட்டிக்கொண்டிருந்தார்.

நாய் எழுந்தது. குரைக்கவில்லை. வாலை இடுக்கிக்கொண்டு வண்டிக்கடியில் போய்ப் பதுங்கியது.

நிமிர்ந்தார். களத்தின் நடுவில் இசபெல்லா நின்றிருந்தாள்.

வந்த சத்தமே இல்லை...

மோவாயோடு சேர்த்துத் தலையைச் சுற்றி ஒரு வெள்ளைத் துணி கட்டியிருந்தாள். உச்சியில் முடிச்சு. பல்வலியோ, குளிருக்குக் கட்டியதோ என்று நினைத்துக்கொண்டார். சாம்பிராணி வாசனை வந்தது. எங்கிருந்து என்றுதான் தெரியவில்லை.

"அண்ணா."

உதடு அசையவில்லை.

"ஒரு சேல குடுண்ணா."

"ஏன், ஒம் புருசன் எடுத்துத் தரலியா?"

"அது வேற. இது நீதான் குடுக்கணும்."

"எதுக்கு?"

"எல்லாரும் காத்துக்கிட்டு இருக்காங்க... நேரமாவுது."

ஊதாச் சேலை ஞாபகத்துக்கு வந்தது. வீடு பக்கத்தில்தான். நெஞ்சு கொஞ்சம் இளகியது. பாழாய்ப்போன நாக்கு இளகவில்லை.

"ஒனக்குக் குடுக்க இங்க ஒண்ணுமில்ல. போ."

முதுகைத் திருப்பிக்கொண்டார்.

"சரிண்ணா..."

சர்ர்ர்... சர்ர்ர்...

தானியத்தில் எதையோ இழுக்கும் சத்தம்.

திரும்பினார்.

யாருமில்லை.

கேழ்வரகில் காலடிகள் இல்லை. ஒரே ஒரு தடம். இரண்டு காலையும் சேர்த்துக் கட்டிக்கொண்டு நடந்தாற்போல... களத்தின் ஓரம் வரை போயிருந்தது. அதற்கப்பால் ஈரமண். அதில் ஒன்றுமே இல்லை.

வீட்டுக்கு ஓடினார். மூச்சு வாங்க மனைவியிடம் சொன்னார். மிக்கேலம்மாள் கையில் இருந்த விளக்கைக் கீழே வைத்தாள்.

"மோவாயிலயா கட்டியிருந்தாங்க? முடிச்சு உச்சியிலயா?"

"ஆமா."

"ஏங்க... காலைல வந்தவரு மோரத் தொடலீங்க. எழவு சொல்ல வந்தவங்கதாங்க பச்சத்தண்ணி தொட மாட்டாங்க..."

செத்தவர் வாய் திறந்துகொள்ளாமல் இருக்கத்தான் அப்படி மோவாய்க்கட்டு கட்டுவார்கள். கட்டிக்கொடுத்த பெண் செத்தால் பிறந்த வீட்டிலிருந்து கோடிச் சேலை வர வேண்டும். அண்ணன் கையால் அதைப் போர்த்திய பிறகுதான் எடுப்பார்கள். பிலவேந்திரன் டிரங்குப் பெட்டியைத் திறந்தார்.

மாட்டு வண்டியில் பாலக்கோடு, அங்கிருந்து விடியற்காலை பஸ். ஊதாச் சேலையை மடியில் வைத்துக்கொண்டே போனார். வழியெல்லாம் அழுதார். இண்டூரில் இறங்கியபோது வெயில் ஏறியிருந்தது. ஞானராஜ் வாசலில் மொட்டைத் தலையோடு உட்கார்ந்திருந்தார். அவர் திட்டவில்லை. திட்டியிருந்தால்கூடத் தேவலை.

"நேத்து ஆறு மணி வரைக்கும் வச்சிருந்தோம் மச்சான். எங்க அண்ணன் வரும், வரும்னு சாவுறப்பவும் சொல்லிக்கிட்டே இருந்தா. இருட்டிடும்னு எடுத்துட்டோம்." சேலையைப் பார்த்தார். "இனி இது யாருக்கு?"

பிலவேந்திரன் கல்லறைத் தோட்டத்துக்குப் போய் ஈரமண் மேல் சேலையை விரித்தார். குப்புற விழுந்து, "எம் பொண்ணே, எந்திரிச்சு வாடி" என்று கதறினார். எட்டு வருஷமாக வாசப்படி மிதிக்க விடாதவளை இப்போது கூப்பிட்டார்.

திரும்பும்போது இசபெல்லாவின் மகள் ராயம்மாள் அவர் கையைப் பிடித்தாள்.

"மாமா, ஒண்ணு கேக்கறேன். ஒங்க களத்துல இப்ப கேவுரு காயுதா?"

"ஏம்மா?"

"அம்மா படுக்கைய வுட்டு எந்திரிச்சே ஒரு மாசமாச்சு. இந்த வருசம் எங்களுக்குக் கேவுரு வெளச்சலே இல்ல. நேத்து தூக்குறப்ப பாத்தேன். கட்டி வச்சிருந்த ரெண்டு பாதத்துலயும்... கேவுரு ஒட்டிக்கிட்டு இருந்துச்சு மாமா."